புல்லட் 350 யூசிஇ எஞ்சினில் கம்ப்ரெஷனை 8.5-லிருந்து 9.5-க்கு ஏற்றுவது எப்படி: முழு வழிகாட்டி

டர்போ இல்லாமல், போரைப் பெரிதாக்காமல், இருக்கிற 346 சிசியிலிருந்தே கொஞ்சம் கூடுதல் இழுவை வேண்டும் என்பவர்களுக்கு இது. 2020 வரை கார்புரேட்டரோடு வந்த யூசிஇ எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது), அதாவது புல்லட், கிளாசிக், தண்டர்பேர்ட் 350 மூன்றிலும் இருந்த இரட்டை ப்ளக், புஷ் ராடு (கீழே சுழலும் கேம் தண்டின் அசைவை மேலே வால்வுக்குக் கொண்டுபோகும் கம்பி) எஞ்சினை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். வேறு வண்டி என்றால் எண்கள் மாறும், வரிசை மாறாது. புதிதாக இறங்குகிற எல்லோரும் ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடி) கழற்றி நேராக லேத் பட்டறைக்குப் போய் 'ஒரு ஒன்றரை எம்எம் எடுத்துடுங்க' என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது இந்த வேலையில் ஆறாவது கட்டம்.

1. எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு போதும்

போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ. கொள்ளளவு 346.4 சிசி. கம்ப்ரெஷன் விகிதம் 8.5:1 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேல் மிஞ்சுகிற இடம் 46.2 சிசி. 9:1 வேண்டுமென்றால் அது 43.3 ஆக வேண்டும், 9.5:1-க்கு 40.7, 10:1-க்கு 38.5. ஆக 9.5-க்குப் போக சுமார் ஐந்தரை சிசியைக் குறைக்க வேண்டும், முழு வேலையும் அவ்வளவுதான்.

இதனால் கிடைப்பது என்ன? எஞ்சின் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஆட்டோ சுழற்சிச் சூத்திரத்தில் போட்டால் 8.5-லிருந்து 9.5-க்கு வெப்பத்திறன் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. கம்பெனி சொன்ன 19.8 பிஎச்பியில் அது அரை பிஎச்பிக்குக் கொஞ்சம் மேல். ஏமாற்றமாக இருந்தால் இப்போதே விட்டுவிடலாம், தப்பில்லை. ஆனால் டாப் எண்டில் தெரிவதைவிட இது பாதி த்ராட்டிலில், 2500-லிருந்து 4000 ஆர்பிஎம் வரை அதிகமாகத் தெரியும், மைலேஜும் கொஞ்சம் ஏறும்.

10:1 ஏன் வேண்டாம்? காற்றில் மட்டுமே குளிர்கிற ஹெட், கார்புரேட்டர், பொறி நேரத்தை நாமாக மாற்றி எழுத முடியாத இக்னிஷன் பாக்ஸ். நாக்கிங் (கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துத் தட்டுவது) வந்தால் பொறி நேரத்தைத் தானாகப் பின்னுக்குத் தள்ள இந்த எஞ்சினில் எதுவும் கிடையாது. இதற்கு அடுத்து வந்த ஜே வரிசை 350-க்கு கம்பெனியே 9.5-தான் கொடுத்திருக்கிறது, அதுவும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு. நம்மிடம் இரண்டு ப்ளக் இருப்பதால் தீ பரவ வேண்டிய தூரம் குறைவு, அது நமக்குச் சாதகம். அந்தச் சாதகத்தை 10-க்குப் போய்ச் செலவழிக்காதீர்கள்.

2. கழற்றுவதற்கு முன் எஞ்சின் இதைத் தாங்குமா என்று பாருங்கள்

சூடான எஞ்சினில் லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்து எண்ணைக் குறித்து வையுங்கள். ஏழாவது கட்டத்தில் வரும் டேப்பட் அமுக்க அளவையும் ஹெட்டைக் கழற்றும் முன்பே எடுத்துவிடுங்கள். சாதாரண கம்ப்ரெஷன் கேஜ் இந்த எஞ்சினில் அவ்வளவாக நம்பத் தகுந்ததல்ல, ஸ்டார்ட் ஆக எளிதாக இருக்கட்டும் என்று கேமில் ஆட்டோ டிகம்ப்ரெஸ்ஸர் வைத்திருப்பதால் செல்ஃப் சுற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வு லேசாகத் திறந்து அழுத்தத்தை விட்டுவிடும். கேஜ் மட்டும்தான் இருக்கிறது என்றால் முன்பும் பின்பும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் எரிக்கிற எஞ்சினில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஆயில் கலந்த கலவைக்கு ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) குறைந்துவிடும், கம்ப்ரெஷனையும் ஏற்றினால் நாக்கிங் உறுதி. சைலன்ஸரில் நீலப்புகை இருந்தால் முதலில் ரிங், வால்வு ஸ்டெம் சீல், தேவைப்பட்டால் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது). ரீபோர் செய்தால் கணக்கை மறுபடி போடுங்கள்: 0.5 மி.மீ. ஓவர்சைஸ் போட்டாலே கொள்ளளவு 351 சிசி ஆகிவிடும், வேறு எதையும் தொடாமலே விகிதம் 8.6 ஆகும்.

பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் கீழ்முனை) ஆட்டம் இருந்தாலும் நிறுத்துங்கள். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் 'டக்' என்று கைக்குத் தெரியக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்புறம் செல்ஃப் ஸ்டார்ட்டின் ஸ்ப்ராக் கிளட்ச், அதாவது செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு ஒரு திசையில் மட்டும் கோக்கிற கிளட்ச். யூசிஇயின் பலவீனமான இடமே அதுதான். பேட்டரி சோர்ந்திருக்கும்போது எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் முதலில் போவது அது, கம்ப்ரெஷன் ஏறினால் உதையும் பலமாகும். பேட்டரி பழையதென்றால் மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

இன்னொரு ஹெட். புதுப்பேட்டையிலோ உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையிலோ பிளவு இல்லாத, ப்ளக் மரை கெடாத ஒன்றைத் தேடுங்கள். வண்டியோடு வந்த ஹெட்டை அப்படியே துணியில் சுற்றி வைத்துவிட்டு வாங்கியதில் வேலை செய்யுங்கள், ஏனென்றால் எடுத்த அலுமினியத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

மற்றவை: 0.02 மி.மீ. படிக்கிற வெர்னியர், டெப்த் கேஜ், மைக்ரோமீட்டர், டயல் கேஜ், டார்க் ரெஞ்ச், 1.5 அல்லது 2 மி.மீ. சாலிடர் கம்பி, குழந்தைகள் விளையாடும் களிமண், புது கேஸ்கெட் செட். திரவம் அளக்க 50 மி.லி. ப்யூரெட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் 50 மி.லி. சிரிஞ்ச் ஒன்றும் 10 மி.லி. ஒன்றும். பெயர்ப்பலகை செய்யும் கடையில் 6 மி.மீ. அக்ரிலிக் துண்டு ஒன்று வாங்கி ஹெட்டின் குழியை மூடும்போது அதன் ஓரத்துக்குச் சற்று உள்ளே வரும்படி ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய ஹெட் கேஸ்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அது ஏற்கெனவே அமுங்கியது, ஒத்திகைக்குப் பூட்டும்போது உண்மையான தடிமனை அதுதான் காட்டும்.

4. அளவெடுப்பது

நேரம் அதிகம் எடுக்க வேண்டிய கட்டம் இது, பலரும் தாண்டிப் போகிற கட்டமும் இதுதான். 8.5 என்பது கம்பெனி காகிதத்தில் உள்ள எண். முன்பு யாராவது கேஸ்கெட்டை மாற்றியிருக்கலாம், வேறு பிஸ்டன் போட்டிருக்கலாம். மேலே உண்மையில் 48 சிசி இருந்தால் உங்கள் விகிதம் 8.2. வேறொருவருக்குச் சரியாக வந்த அளவு உங்களுக்குத் தப்பாவது இதனால்தான்.

ஹெட்டின் கார்பனைச் சுரண்டி, வால்வு, ஸ்பிரிங், ஓட்டப்போகிற அதே இரண்டு ப்ளக் எல்லாம் பூட்டிய நிலையில் கவிழ்த்து, ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டமாக்குங்கள். வால்வு சீட்டைச் சுற்றி மெல்லிய கிரீஸ். சேம்பர் (ஹெட்டின் உள்ளே கலவை எரியும் குழி) வாய் ஓரத்தில் கிரீஸ் தடவி அக்ரிலிக்கை அழுத்தி ஒட்டி, துளை வழியாக மண்ணெண்ணெயில் சொட்டு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஆயில்) கலந்து சிவப்பாக்கிய கலவையை ஊற்றுங்கள். தண்ணீர் வேண்டாம், அது முத்து முத்தாய்த் திரண்டு மூலைக்குள் போகாது. கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறும்வரை ஹெட்டை லேசாகச் சாய்த்துச் சாய்த்து ஊற்றி, எத்தனை மி.லி. போனது என்று எழுதுங்கள். வடித்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். இரண்டு தடவையும் அரை மி.லி.க்குள் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கசிகிறது.

அடுத்து பேரல் (சிலிண்டர்) பக்கம். டயல் கேஜ் வைத்து பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அது பேரல் முகத்துக்குக் கீழே நிற்கிறதா, சமமாகவா, மேலே எட்டிப் பார்க்கிறதா? மேல்முகம் தட்டையா, குழிந்ததா, மேடா? தட்டையாக இருந்து 0.5 மி.மீ. கீழே நின்றால் அங்கே 1.9 சிசி. குழிவோ வால்வு வெட்டோ இருந்தால் பிஸ்டன் ஓரத்தில் கிரீஸ் தடவி அடைத்து, அதே அக்ரிலிக்கை பேரல் மேல் வைத்துத் திரவத்தால் அளந்துவிடுங்கள்.

கடைசியாக கேஸ்கெட். உள்விட்டம் 71, அமுங்கிய தடிமன் 1 மி.மீ. என்றால் அது மட்டும் கிட்டத்தட்ட 4 சிசி. மூன்றையும் கூட்டினால் உங்கள் எஞ்சினின் உண்மையான மேலிடம். 346.4-ஐ அதோடு கூட்டி அதாலேயே வகுத்தால் உண்மையான விகிதம்.

5. எங்கே குறைப்பது

வழிகள் நான்கு: மெல்லிய கேஸ்கெட், ஹெட்டைச் சீவுவது, பேரலைச் சீவுவது, மேடு வைத்த பிஸ்டன்.

இவற்றில் பிஸ்டன் வழி மட்டும்தான் ஹெட்டுக்கும் கேமுக்கும் இடையே உள்ள தூரத்தை மாற்றாது. மற்ற மூன்றும் ஹெட்டைக் கீழே இறக்குகின்றன, அதனால் புஷ் ராடு நீளம் தப்பாகிறது. ஆனால் நல்ல பிஸ்டன் விலை அதிகம், எடை மாறினால் அதிர்வும் மாறும், உயரமான மேடு தீ பரவும் வழியில் சுவராக நிற்கும். ரீபோர் எப்படியும் தேவை என்றால் பிஸ்டனுக்குப் போங்கள். போர் நன்றாக இருந்தால் ஹெட்டைச் சீவுவதுதான் என் தேர்வு. பேரலைத் தொட வேண்டாம், அதில் தப்பு வந்தால் செலவு இரட்டிப்பு. கேஸ்கெட்டே இல்லாமல் பேஸ்ட் தடவிப் பூட்டுவது என்று ஒரு வைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கிறது, அது பொதுச்சாலை வண்டிக்கு இல்லை.

இது புஷ் ராடு எஞ்சின் என்பதால் ஒரு நிம்மதி: ஹெட் இறங்கினாலும் கேம் டைமிங் மாறாது. பல்சர் மாதிரி செயினில் ஓடும் ஓவர்ஹெட் கேம் எஞ்சினில் இதையே செய்தால் கேம் டைமிங் பின்தங்கும், ஸ்ப்ராக்கெட் துளையை நீட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

6. எவ்வளவு சீவ வேண்டும்

70 மி.மீ. வட்டத்தின் பரப்பு 38.5 சதுர செ.மீ., ஐந்தரை சிசிக்கு 1.4 மி.மீ. என்று காகிதத்தில் வரும். அதை அப்படியே லேத்காரரிடம் சொல்லாதீர்கள். யூசிஇ சேம்பர் அரைக்கோளம், உள்ளே போகப்போக வாய் குறுகும், அதனால் 1.4 எடுத்தால் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் குறையும்.

சரியான அளவை ஹெட்டே சொல்லும். மறுபடி கவிழ்த்து மட்டமாக்குங்கள். முன்பு நிரப்பிய அளவிலிருந்து குறைக்க வேண்டிய 5.5-ஐக் கழித்து, அவ்வளவு மட்டும் சிரிஞ்சால் ஊற்றுங்கள். இப்போது திரவம் வாய்வரை வராமல் கொஞ்சம் கீழே நிற்கும். டெப்த் கேஜை முகத்தின் குறுக்கே வைத்து முனையை மெதுவாக இறக்கினால், திரவத்தைத் தொட்ட நொடியில் அது முனையைப் பற்றி மேலே இழுப்பது கண்ணுக்குத் தெரியும். அந்த ஆழம்தான் சீவ வேண்டிய அளவு. நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

இந்த அளவு 2 மி.மீ.யைத் தாண்டினால் ஹெட்டில் மட்டும் தீர்க்காதீர்கள், இலக்கை 9-க்கு இறக்குங்கள் அல்லது பிஸ்டனுக்கு மாறுங்கள். பட்டறையில் சொல்ல வேண்டியவை: இரண்டு வெட்டில், கடைசி வெட்டு மெல்லியதாக, முகம் முழுக்க 0.05 மி.மீ.க்குள் மட்டம். ஹெட்டும் பேரலும் சேரும் இடத்தில் படி இருந்தால் அதையும் அதே அளவு இறக்கச் சொல்லுங்கள். கேட்டதைவிட 0.2 குறைவாகவே முதலில் எடுத்து அளந்து பாருங்கள், மீதியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

திரும்பி வந்த ஹெட்டில் சேம்பர் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். 400 எமரியால் அந்த விளிம்பை மழுக்குங்கள். கூரான விளிம்பு சூட்டில் சிவந்து, ப்ளக் பொறி வருவதற்கு முன்னாலேயே கலவையைப் பற்றவைக்கும். நாக்கிங்கைவிட வேகமாக பிஸ்டனைத் துளைப்பது அதுதான்.

7. புஷ் ராடு: எல்லோரும் மறக்கிற இடம்

யூசிஇயில் கேமுக்கும் புஷ் ராடுக்கும் நடுவே இருப்பது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டேப்பட். டேப்பட் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பதால் ஹெட் இறங்கியதையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். ஓரளவுக்குத்தான். ஹெட் எவ்வளவு இறங்குகிறதோ ஏறக்குறைய அவ்வளவும் டேப்பட்டின் உள் பிளஞ்சர் கூடுதலாக அமுங்குகிறது. அது அடிமட்டத்தைத் தொட்டுவிட்டால் வால்வு முழுதாக மூடாது. எஞ்சின் சூடானதும் மிஸ் அடிக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும், நீங்கள் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

டேப்பட்டை வெளியே எடுத்து பிளஞ்சர் மொத்தம் எவ்வளவு நகர்கிறது என்று அளங்கள். பழைய நிலையில் எவ்வளவு அமுங்கியிருந்தது என்பதை ஹெட்டைக் கழற்றும் முன்பே, இரண்டு வால்வும் மூடிய கம்ப்ரெஷன் உச்சியில் அளந்திருக்க வேண்டும். அதே அமுக்கம் திரும்ப வரும்படி புஷ் ராடைக் குறைக்க வேண்டும்: ஒரு முனையின் கடின எஃகுத் தொப்பியைக் கழற்றி, குழாயை லேத்தில் சரியாகச் சீவிய அளவுக்கு வெட்டி, தொப்பியை இறுக்கமாகத் திரும்ப அழுத்துவது. கைரம்பம் வேண்டாம், முனை சாய்ந்தால் ராடு வளையும். இன்லெட், எக்ஸாஸ்ட் ராடுகளுக்குத் தனித்தனி அடையாளம் போடுங்கள், மாற்றிப் பூட்டக்கூடாது.

8. ஒத்திகைப் பூட்டல்

பழைய கேஸ்கெட்டை வைத்துப் பூட்டி மூன்று விஷயம் பார்க்கிறோம்.

முதலாவது பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. சாலிடர் கம்பித் துண்டுகளை பிஸ்டனின் மேல், பிஸ்டன் பின் போகும் திசையில் இரு ஓரத்திலும் கிரீஸால் ஒட்டுங்கள். மற்ற இரு பக்கமும் வைத்தால் பிஸ்டன் சாய்ந்துகொடுத்துத் தப்பான அளவு வரும். ஹெட்டைப் பூட்டி, கையால் சுற்றி, கழற்றி, நசுங்கிய இடத்தை மைக்ரோமீட்டரில் அளங்கள். 1 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம், உயர் ஆர்பிஎம்மில் ராடு நீள்வதும் பிஸ்டன் சாய்வதும் சேர்ந்து அந்த இடைவெளியைத் தின்றுவிடும்.

இரண்டாவது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டன் மேல் களிமண் அப்பி, மேலே ஒரு சொட்டு ஆயில் விட்டு, பூட்டி, இரண்டு முழுச் சுற்று கையால் சுற்ற வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஹைட்ராலிக் டேப்பட் காலியாக இருந்தால் வால்வு ஸ்பிரிங்கின் பலத்தில் அது அமுங்கிக்கொண்டே போகும், வால்வு முழு உயரம் திறக்காது, களிமண்ணில் தாராளமாக இடம் இருப்பதாகக் காட்டும். அதனால் இந்தச் சோதனைக்கு மட்டும் வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பேனாவில் இருப்பதைவிடக் கொஞ்சம் பலமான லேசான ஸ்பிரிங் போடுங்கள். களிமண்ணைக் குறுக்கே அறுத்து மெல்லிய இடத்தை அளந்தால் இன்லெட் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் அதிகம் என்றால் அது சூட்டில் அதிகம் நீளும்.

மூன்றாவது, வண்டியைச் சாய்த்து ஒரு ப்ளக் துளை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்படி வைத்து, இன்னொரு ப்ளக்கைப் பூட்டிவிட்டு, கம்ப்ரெஷன் உச்சியில் அந்தத் துளை வழியாகத் திரவம் ஊற்றி மொத்த மேலிடத்தை நேரடியாக அளப்பது. மரையின் அடிவரை வந்ததும் நிறுத்துங்கள். 40 முதல் 41.5 சிசிக்குள் வந்தால் சரி. 39 வந்தால் கொஞ்சம் தடித்த கேஸ்கெட்.

9. முடிவாகப் பூட்டுவது

புது கேஸ்கெட், சுத்தமான முகம், சர்வீஸ் கையேட்டில் உள்ள டார்க் அளவு, எதிரெதிர் போல்ட் முறையில் மூன்று படியாக. ஹெட் போல்ட் மரையில் ஒரு சொட்டு ஆயில், இல்லாவிட்டால் உராய்வையே டார்க் என்று ரெஞ்ச் காட்டும்.

ராக்கரை (புஷ் ராடு தள்ளும்போது வால்வை அமுக்கும் கை) பூட்டியவுடன் எஞ்சினைச் சுற்றாதீர்கள். டேப்பட்டுக்குள் ஆயில் இருந்தால் அது வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொண்டிருக்கும், மெதுவாகக் கசிந்துதான் இறங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ப்ளக் இல்லாமல் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது முட்டினால் பலம் காட்டாமல் நிறுத்துங்கள்.

10. ப்ளக், ஜெட், இக்னிஷன், பெட்ரோல்

ப்ளக்குகளை ஒரு படி குளிர்ந்ததாக மாற்றுங்கள், இரண்டையும். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி. பிராண்ட் மாற்றும்போது இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சூடான ப்ளக்கைப் போட்டவர்கள் நிறைய.

மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) ஒரு அளவு கூட்டி ஆரம்பியுங்கள். கம்ப்ரெஷனே கூடுதல் பெட்ரோல் கேட்பதில்லை, ஆனால் இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோலுக்குக் காற்று விகிதம் (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று) 14.7 என்றால் இ20-க்குச் சுமார் 13.5. பழைய ஜெட்டோடு இந்த எஞ்சின் ஏற்கெனவே வறண்டுதான் (பெட்ரோல் குறைவாக) ஓடுகிறது, வறண்ட கலவையும் ஏறிய கம்ப்ரெஷனும் சேரக்கூடாது. அதேசமயம் எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் உண்டு, அந்த வகையில் இ20 நமக்கு உதவிதான். முதல் சில டேங்குகளுக்கு 95 ஆக்டேன் போட்டு ஓட்டுங்கள், எல்லாம் சரியாக இருந்தால் சாதாரணத்துக்கு இறங்கிப் பார்க்கலாம். 100 ஆக்டேன் போட்டால் கூடுதல் பவர் வரும் என்று நினைக்க வேண்டாம், 9.5-க்கு அது வீண் செலவு.

அழுத்தம் கூடினால் கலவை வேகமாக எரியும், அதனால் பொறி முன்பைவிடச் சற்றுத் தாமதமாக வந்தாலே போதும். நாக்கிங் கேட்டால் மட்டும் பொறி நேரத்தைக் காட்டிக்கொடுக்கும் புல்சர் காயிலின் திருகுத் துளையைக் கொஞ்சம் நீட்டி ஒன்று இரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளுங்கள். முன்கூட்டியே செய்ய வேண்டாம், தேவையில்லாமல் பின்தங்கினால் சேர்த்த பவரும் போகும், சைலன்ஸரும் கொதிக்கும்.

11. ஓட்டிப் பார்ப்பது

ஸ்டார்ட் செய்து சில நிமிடம் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, டார்க்கை மறுபடி பாருங்கள். ரிங் மாற்றியிருந்தால் முதல் 500 கி.மீ. அடக்கி ஓட்டி ஆயில் மாற்றிவிட்டு மேலே போங்கள்.

நாக்கிங் சோதனைக்கு நேரான ரோட்டில் வேகம் பிடிப்பதால் பயனில்லை. வெயில் நேரத்தில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஒரு ஏற்றத்தில் நான்காவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து த்ராட்டிலைப் படிப்படியாகத் திறங்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கினாற்போல் சத்தம் வந்தால் உடனே த்ராட்டிலை விடுங்கள், மறுபடி கேட்டு உறுதிசெய்ய வேண்டாம். சைலன்ஸர் மாற்றிய வண்டியில் இந்தச் சத்தம் காதுக்கு எட்டாமலே போகும், அவர்கள் ப்ளக்கைத்தான் நம்ப வேண்டும்: வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளி இருந்தால் நாக்கிங் ஆரம்பித்துவிட்டது, பளபளக்கும் குட்டிக் குட்டி வெள்ளி மணிகள் இருந்தால் அது உங்கள் பிஸ்டன்.

சரிசெய்யும் வரிசை: முதலில் ஆக்டேன் கூட்டுங்கள், பிறகு ஜெட், பிறகு டைமிங், அதற்கும் அடங்காவிட்டால் தடித்த கேஸ்கெட் போட்டு 9.2-க்கு இறங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஓட்டும் பழக்கத்திலும் ஒரு மாற்றம் தேவை. ஐந்தாவது கியரில் நாற்பதில் 'டுப் டுப்' என்று உருட்டிக்கொண்டே திடீரென்று முழு த்ராட்டில் கொடுக்கிற புல்லட் பழக்கம் இனி ஆகாது. குறைந்த ஆர்பிஎம்மில் முழு பாரம் ஏற்றும்போதுதான் கலவை சிலிண்டருக்குள் அதிக நேரம் வெந்துகொண்டிருக்கிறது. ஒரு கியர் இறக்கிவிட்டுத் திறங்கள். 1000 கி.மீ. ஆனதும் லீக்-டவுனை மறுபடி செய்து, இரண்டாவது கட்டத்தில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எக்ஸாஸ்ட் வழியாகக் கசிவு கூடியிருந்தால் ஏழாவது கட்டத்துக்குத் திரும்பிப் போய் புஷ் ராடு நீளத்தை அளங்கள்.